கைப்பேசியும் சாட்சி சொல்லும்

பொம்மனஹள்ளி பெங்களூரின் தெற்கே, ஓசூர் சாலையில் இருக்கிறது. இங்கே ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் பல உண்டு. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் பல இங்கே வாடகை வீடுகளில் வாழ்கின்றன. வீடு எடுக்க முன்பணம் கொடுக்க வேண்டும். இதை அட்வான்ஸ் என்கிறோம். பல மாத வாடகையைச் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்பார்கள். வீட்டைக் காலி செய்யும்போது அந்தப் பணம் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் என்ன செய்வது?

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம்.

தையல் வேலை செய்யும் ஒரு பெண் 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தார். கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பினார். பத்திரம் எதுவும் எழுதவில்லை. வீட்டைக் காலி செய்தபோது, "அடுத்த மாதம் அட்வான்ஸ் தருகிறேன்" என்று வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். பிறகு, "நீ அட்வான்ஸே தரவில்லை" என்று மறுத்துவிட்டார்.

அந்தப் பெண் வக்கீலிடம் போனார்.

"பத்திரம் இல்லையே, வக்கீலம்மா?"

"கைப்பேசி இருக்கிறதல்லவா, அம்மா? அதில் உள்ள எதையும் அழிக்காதீர்கள்."

வக்கீல் சொன்னது சரிதானா? சரிதான். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமம் என்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கைப்பேசியில் உள்ள செய்தியும், பேசி அனுப்பிய குரலும் ஆவணமே என்று அது சொல்கிறது. ஆனால் ஆவணம் இருந்தால் மட்டும் போதாது. அதை முறைப்படி நீதிமன்றத்தில் காட்ட வேண்டும்.

வக்கீல் எப்படித் தயார் ஆகிறார்?

1. பட்டியல் போடுகிறார். பணம் என்று அனுப்பப்பட்டது? எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு? செய்தி வந்த நாள் எது? எல்லாவற்றையும் தேதி வரிசையில் எழுதுகிறார்.

2. ஆவணம் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார். செய்தி அந்தப் பெண்ணின் கைப்பேசியில் இருக்கிறது. அதே செய்தி வீட்டுக்காரரின் கைப்பேசியிலும் இருக்கலாம். பணம் போன கணக்கு வங்கியில் இருக்கிறது.

3. பாதுகாக்கச் சொல்கிறார். செய்தியை அழிக்கக் கூடாது. வெட்டி ஒட்டக் கூடாது. பழைய கைப்பேசியை விற்கக் கூடாது. திரையைப் படம் பிடித்து வைப்பது நல்லது. ஆனால் படம் மட்டும் போதாது. மூலச் செய்தியும் இருக்க வேண்டும். கண்காணிப்புக் கேமரா பதிவு வேண்டுமென்றால் தாமதிக்கவே கூடாது. பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும்.

4. நோட்டீஸ் அனுப்புகிறார். பணத்தைத் திருப்பித் தரும்படி வீட்டுக்காரரைக் கேட்கிறார். கைப்பேசியில் உள்ள செய்திகளை அழிக்கக் கூடாது என்றும் எழுதுகிறார்.

5. நீதிமன்றத்தில் மனுப் போடுகிறார். 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. எதிர்த்தரப்பிடம் உள்ள ஆவணத்தைக் கேட்க ஆணை 11 உதவுகிறது. வங்கி போன்ற வெளியாரிடம் உள்ளதை வரவழைக்க ஆணை 16 உதவுகிறது. "எல்லாவற்றையும் கொடு" என்று கேட்டால் நீதிமன்றம் ஏற்காது. எந்த நாள், எந்த எண், எந்தச் செய்தி என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். அடுத்தவர் கைப்பேசியைத் திருட்டுத்தனமாகத் திறந்து பார்ப்பது குற்றம்.

சான்றிதழ் ஏன் வேண்டும்?

மூலக் கைப்பேசியை விட்டு, அதில் உள்ளதை அச்சடித்தோ நகல் எடுத்தோ கொடுத்தால் சான்றிதழ் வேண்டும். புதிய சட்டத்தின் பிரிவு 63 இதைக் கூறுகிறது. சான்றிதழில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் ஆவணத்தைத் தருபவர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்துப் போட வேண்டும்.

அதில் ஹாஷ் எண் என்று ஒன்றையும் எழுத வேண்டும். அது என்ன? ஒருவர் கைநாட்டைப் போல இன்னொருவர் கைநாட்டு இருக்காது. அதுபோல ஒவ்வொரு பதிவுக்கும் கணினி கணக்கிட்டுத் தரும் நீண்ட எண் இது. பதிவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் எண் மாறிவிடும். யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அப்போது தெரிந்துவிடும்.

இரண்டு தீர்ப்புகள்

கேரளத்தில் 2011 சட்டமன்றத் தேர்தலில் ஏறநாடு தொகுதியில் தோற்ற பி. வி. அன்வர் வழக்குப் போட்டார். தேர்தல் பிரசாரப் பேச்சும் பாட்டும் பதிந்த குறுந்தகடுகளைக் காட்டினார். சான்றிதழ் இல்லை. 2014 செப்டம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் குறுந்தகடுகளை ஏற்க மறுத்தது. வழக்கு தோற்றது.

மகாராஷ்டிரத்தில் ஜால்னா தொகுதியில் 2014-இல் நடந்த தேர்தல் பற்றியும் வழக்கு வந்தது. வேட்புமனு நேரம் கடந்து கொடுக்கப்பட்டது என்பது புகார். தேர்தல் அலுவலகம் எடுத்த வீடியோதான் சாட்சி. பலமுறை கேட்டும் அதிகாரிகள் சான்றிதழ் தரவில்லை. 2020 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சான்றிதழ் கட்டாயம் என்றது. ஆனால் உரியவர் தர மறுத்தால், நீதிமன்றத்திடம் மனுப் போட்டுக் கேட்கலாம் என்றது. முடிந்த முயற்சி எல்லாம் செய்தவரைச் சட்டம் தண்டிக்காது என்பதும் அதில் தெளிவானது.

இவை தேர்தல் வழக்குகள். சாட்சியத்துக்கான இந்த விதி அட்வான்ஸ் வழக்குக்கும் பொருந்தும்.

நாம் நினைவில் வைக்க வேண்டியவை

பணத்தைத் திரும்பக் கேட்கும் வழக்கைப் பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். செய்தி தமிழில் இருந்தால், பெங்களூரு நீதிமன்றத்துக்குக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்த்துத் தர வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால், "அட்வான்ஸ் 50,000 ரூபாய் அனுப்பியுள்ளேன்" என்று அன்றே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். எழுதக் கற்றதன் பயன் இதிலும் உண்டு.

சொல்லும் பொருளும்

ஆவணம் – ஒன்றை நிரூபிக்கும் பதிவு
நோட்டீஸ் – வக்கீல் அனுப்பும் முன்னறிவிப்புக் கடிதம்
மனு – நீதிமன்றத்தில் எழுதிக் கேட்பது
நிபுணர் – ஒரு துறையை நன்கு அறிந்தவர்

பதில் எழுதுங்கள்

1. வக்கீல் முதலில் எதைப் பட்டியல் போடுகிறார்?
2. கேமரா பதிவை ஏன் உடனே கேட்க வேண்டும்?
3. ஹாஷ் எண்ணைக் கைநாட்டோடு ஏன் ஒப்பிடுகிறோம்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் தெருவில் அட்வான்ஸ் கொடுத்தவர்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?