தலைக்காயம்: தழும்பு மறைந்த பிறகும் கவனம் தேவை



5 வயதுப் பையன் ஒருவன் மொட்டை மாடிப் படியிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடிபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சில நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீடு திரும்புகிறான். "அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்தான்" என்று நிம்மதி அடைகிறோம்.

அவனுக்கு 12 வயதாகும்போது புகார்கள் வருகின்றன. வகுப்பில் கவனம் இல்லை, சட்டென்று கோபம் வருகிறது, நேற்று மதரஸாவில் ஓதிய பாடம் இன்று நினைவில் இல்லை. பழைய விபத்து யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. சோம்பேறி என்ற பெயரும் அடியும்தான் அவனுக்கு மிச்சம்.

ஏன் இத்தனை தாமதம்?

திட்டமிடுவது, கோபத்தை அடக்குவது, ஒரு வேலையில் மனதை நிறுத்துவது எல்லாம் பெரிதும் மூளையின் முன்பகுதியின் பொறுப்பு. அது முழுமையாக வளர 20 வயதைத் தாண்டிவிடும். அங்கே சிறுவயதில் பட்ட காயத்தின் குறை, அந்தத் திறமைகள் தேவைப்படும் வயதில்தான் வெளியே தெரியும்.

இலேசாக அடிபட்ட பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். நீண்ட நேரம் மயங்கிக் கிடந்திருந்தாலோ, ஸ்கேனில் இரத்தக்கசிவு தெரிந்திருந்தாலோ பல ஆண்டுகள் கவனிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

மறதி, சீக்கிரம் களைத்துப்போவது, அடிக்கடி தலைவலி, தூக்கக் கோளாறு, காரணமில்லாத கோபம், நண்பர்களோடு ஒட்டாமை. வலிப்பு வந்தாலோ, உயரம் கூடுவது நின்றாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

செய்ய வேண்டியவை

1. டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் படங்களையும் பத்திரமாக வையுங்கள். எத்தனை ஆண்டு கழித்துப் போனாலும் மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.
2. பள்ளி ஆசிரியரிடமும் உஸ்தாதிடமும் விபத்தைப் பற்றிச் சொல்லுங்கள். பாடத்தைச் சிறு பகுதிகளாகக் கொடுத்து, நடுவில் ஓய்வு விடச் சொல்லுங்கள்.
3. எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையிலோ, சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் நரம்பியல் பிரிவிலோ காட்டலாம்.
4. பாதிப்பு நிலைத்துவிட்டால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சான்றிதழ் பெற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

வருமுன் காப்போம்

4 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் இருசக்கர வாகனத்தில் ஹெல்மெட் கட்டாயம் என்பது சட்டம். பள்ளிவாசல் பக்கத்துத் தெருவில்தானே என்று பெட்ரோல் டேங்கின்மேல் உட்காரவைத்து ஓட்டாதீர்கள். விபத்து நடந்துவிட்டால் 108-ஐ அழையுங்கள். சாலை விபத்து என்றால், 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம்.

உங்கள் வீட்டில் படிப்பில் திடீரென்று பின்தங்கும் பிள்ளை இருந்தால், கையை ஓங்குவதற்கு முன் யோசியுங்கள்: சின்ன வயதில் இவன் எங்கேயாவது விழுந்தானா? பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்.