காங்கின் எலும்புகள்

கேள்வி: ‘கிங் காங்’ படத்தின் குரங்கு ஒரு சின்னப் பொம்மைதானாமே! ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கையால் அசைத்த பிறகு சரியாமல் எப்படி நின்றது? உள்ளே உலோக எலும்புக்கூடு வைக்கும் வழக்கம் எங்கே தொடங்கியது?

பதில்: வண்டிலிருந்து தொடங்கலாம். 1910-இல், அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்த கௌனாஸ் நகரில், விளாதிஸ்லாவ் ஸ்டாரெவிச் கொம்பு வண்டுகளின் சண்டையைப் படம்பிடிக்க முயன்றார். விளக்கைப் போட்டதும் வண்டுகள் அசையாமல் கிடந்தன. அதனால் செத்த வண்டுகளின் கால்களை எடுத்துவிட்டுக் கம்பியை மெழுகால் ஒட்டினார். கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துப் படமெடுத்தார்.

ஆனால் கம்பியை மடக்க மடக்க ஒடிந்துவிடும். பெரிய உருவத்தைத் தாங்கவும் தாங்காது. நம் தோளில் இருப்பது போன்ற பந்துக்கிண்ண மூட்டை உலோகத்தில் செய்ததுதான் அதற்குத் தீர்வு. ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ (1925) படத்தின் டைனோசர்களையும், பிறகு காங்கையும் அசைவூட்டக் கலைஞர் வில்லிஸ் ஓ’பிரையனுக்காகச் செய்தவர் மார்செல் டெல்காடோ. மளிகைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே ஓவியம் படித்தவர் அவர். 1933-இல் வெளிவந்த படத்தின் காங்குக்கு ஏறக்குறைய 18 அங்குல உயரம். டுராலுமின் என்ற அலுமினியக் கலவையில் எலும்பு, அதன்மேல் பஞ்சும் ரப்பரும், வெளியே முயல் தோல். படத்தில் காங்கின் மயிர் சிலிர்ப்பது அசைத்தவர்களின் விரல் பட்ட தடம்!

மூட்டின் அமைப்பு எளிது: இரண்டு தகடுகளுக்கு நடுவே எஃகுக் குண்டுகள், தகடுகளை இறுக்க ஒரு திருகு. கலையெல்லாம் அந்தத் திருகை எவ்வளவு இறுக்குவது என்பதில்தான். தளர்ந்தால் கை தொங்கிவிடும். மிகவும் இறுகினால், மணிக்கட்டைத் திருப்பும்போது தோளும் சேர்ந்து திரும்பி, அதுவரை எடுத்த காட்சி வீணாகும். எனவே உடல் பாரம் முழுவதையும் தாங்கும் கணுக்காலும் இடுப்பும் இறுக்கமாக, தோள் சற்றுத் தளர்வாக, முழங்கை அதைவிடத் தளர்வாக, விரல் நுனிவரை படிப்படியாக இளக்கிக்கொண்டே போக வேண்டும். உராய்வுதான் பிடி. ஒற்றைக் காலில் நிற்கும் காட்சியானால் மேடையின் அடியிலிருந்து பாதத்துக்குத் திருகு ஏற்றுவார்கள். அசைக்க அசைக்க மூட்டுகள் தளரும் என்பதால், தோலைக் கீறியாவது திருகை எட்டும் வழி இருக்க வேண்டும்.

ஓ’பிரையனின் சீடர் ரே ஹாரிஹவுசனுக்கு இந்த எலும்புகளை லேத்தில் கடைந்து கொடுத்தவர் அவருடைய அப்பாதான். ‘ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்’ (1963) படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் வாள் வீசும் சண்டையைப் பாருங்கள். சில நிமிடக் காட்சிதான். எடுத்து முடிக்க நான்கு மாதங்களுக்கு மேல் ஆனது.