இசைத்தட்டில் காருகுறிச்சியார்

பொருநை வளம் பெற்ற சேரன்மகாதேவிக்கு அருகே உள்ள காருகுறிச்சிக்கு நாதஸ்வரத்தால் அழியாப் பெயர் தேடித் தந்தவர் அருணாசலம் (1921–1964). திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். ஐம்பதை எட்டுமுன்பே மறைந்த அவரை நேரிற் கேட்கும் பேறு பெறாதவர்க்கு ஒலிப்பதிவே புகல். ஆயினும், கல்யாண மண்டபத்தின் பேச்சொலிக்கு நடுவே ஒலிபெருக்கியில் அவர் வாசிப்பு ஓடுவதைக் கேட்டல் என்று சொல்லலாகாது.

பதிவின் அளவை முதலில் அறிதல் வேண்டும். 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிஷங்களில் முடிந்துவிடும். எம்பெருமான் புறப்பாட்டில் வீதிதோறும் விரியும் ஆலாபனை அதற்குள் எங்ஙனம் அடங்கும்? தட்டிற் கிடைப்பது ராகத்தின் சாரமே. நீண்ட கச்சேரிப் பதிவு கிட்டுமாயின் அதனையே நாடுக.

'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்த ஆபேரியை அறியாதார் அரியர். சினிமாப் பாட்டுத்தானே என்று ஒதுக்க வேண்டா. கேட்கப் பழகுவோர்க்கு அது நல்ல வாயில். முதன்முறை குரலை மட்டும் பின்தொடர்க. மறுமுறை, குரல் சொன்னதை நாதஸ்வரம் எவ்விடத்திற் குழைத்துத் தருகிறது என்று கவனிக்க. துளையை விரல் பாதி மூடுவதாலும், சீவாளியில் உதட்டின் பிடியும் மூச்சின் அழுத்தமும் மாறுவதாலும் பிறப்பது அக்குழைவு.

ஒலியைத் தணித்து வைத்தலே உத்தமம். திறந்த வீதிக்கென அமைந்த வாத்தியம் மூடிய அறையில் உரக்க ஒலித்தால் தவிலோசை மேலோங்கி நுண்மைகள் மறைந்துபோம்.

மல்லாரியை மட்டும் தட்டில் தேட வேண்டா. அது, பெருமாள் புறப்பாடு கண்டருளும் வேளையில் கோயில் வாசலில் நின்று கேட்கத்தக்கது.