எட்டடி விரியனும் நரம்பு முனையின் காவலனும்

தாம்பரத்தை அடுத்த முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அடையாற்று வெள்ளம் தெருவேறிவிட்டால், வளையிழந்து மேட்டிடம் தேடி வரும் பாம்புகளைப் பற்றிய பேச்சு மாடிக்கு மாடி நடப்பது வழக்கம். அந்தப் பேச்சில் எட்டடி விரியன் என்ற பெயர் தவறாமல் அடிபடும். கடிபட்டவன் எட்டடி வைப்பதற்குள் விழுந்துவிடுவானாம். கட்டுவிரியனுக்கு ஜனங்கள் சூட்டிய பட்டம் அது. பாம்பு நிபுணர் ரோமுலஸ் விட்டேக்கர் தம் பாம்புப் பண்ணையை, கிண்டிக்குக் கொண்டுபோவதற்கு முன்னர், முதன்முதலில் அமைத்தது இங்கே சேலையூரில்தான். கடற்கரைப் பக்கம் வடநெம்மேலியிலோ, 1978இல் ஏற்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் நாகம், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றோடு கட்டுவிரியனின் விஷத்தையும் எடுத்து மருந்து செய்வோருக்குக் கொடுத்துவருகிறார்கள். இவ்வளவு சமீபத்தில் இவ்வளவு அனுபவ ஞானம் இருந்தும் எட்டடிக் கதை மட்டும் சாகவில்லை.

அந்தக் கதை வெறும் தவறாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அபாயகரமான தவறாக இருப்பதால்தான் எழுத நேர்கிறது. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கிறது. பல் சிறியது, வலியும் வீக்கமும் அநேகமாக இல்லை. கடிபட்டவர் கொசுவென்று எண்ணிப் புரண்டு படுத்துவிடுவதும் உண்டு. விடியற்காலையில் வயிற்றைப் பிசைகிறது என்கிறார். ராத்திரிச் சாப்பாட்டைக் குறை கூறி வீட்டார் சீரகக் கஷாயம் வைக்கிறார்கள். அது கொதிப்பதற்குள் அவருடைய இமைகள் தாமாகச் சரிந்து, வார்த்தை குழறத் தொடங்குகிறது. எட்டடியில் விழவில்லை, ஆகவே விஷப்பாம்பல்ல என்று தேறுதல் கொண்ட குடும்பம் இழப்பது அந்த மணி நேரங்களைத்தான்.

விஷம் என்றால் ரத்தத்தைக் கெடுப்பது என்பது அடுத்த நம்பிக்கை. கண்ணாடி விரியன் விஷயத்தில் அது மெய். கட்டுவிரியன் கடியிலோ, ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிஷம் வைத்த ரத்தம் ஒழுங்காக உறைந்தே நிற்கும். அதன் இலக்கு ரத்தமல்ல, நரம்பின் முனை.

நரம்பு மின்கம்பியைப் போன்றது, மின்சாரமே நேராகத் தசைக்குள் பாய்ந்து அதை அசைக்கிறது என்று படித்தவர்களிலும் பலர் கருதுகிறார்கள். நரம்பு முனைக்கும் தசைக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. மின் துடிப்பு அதைத் தாண்டுவதில்லை. முனைக்குள்ளே, ஒரு மில்லிமீட்டரில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு விட்டமே உடைய நுண்பைகள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அசெட்டைல்கோலின் என்ற இரசாயனம் ஒவ்வொன்றிலும் பல ஆயிரம் மூலக்கூறுகளாக அடைந்துகிடக்கிறது. அது பை பையாகவே வெளிப்படுகிறது என்று காட்டிய பெர்னார்ட் காட்ஸ் 1970இல் நோபல் பரிசு பெற்றார். பையை எந்தக் கணத்தில் திறப்பது என்பதைக் கவனித்துக்கொள்வது, பையின் தோலிலேயே வேரூன்றி இரண்டு கைகளை நீட்டிக்கொண்டிருக்கும் சினாப்டோடாக்மின் என்ற புரதம்: துடிப்பு வந்து சேர்ந்ததும் வெளியிலிருந்து கால்சியம் உட்புக, அந்தக் கைகள் கால்சியத்தைப் பற்றியபடி முனையின் சவ்வில் அழுந்த, ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கழியாமல் பை திறந்துவிடுகிறது. இந்தப் புரதமே பையைச் சவ்வோடு இணைத்துவிடுகிறது என்று எண்ணுவதும் பிழை. இணைக்கும் பலம் ஸ்னேர் என்ற வேறு புரதங்களுடையது. இதனுடையது காலப் பிரமாணம். முதலாம் எண் சினாப்டோடாக்மின் இல்லாத எலிகளில் மெதுவான கசிவு நீடித்தது, குறித்த கணத்துச் சுரப்புதான் அற்றுப்போயிற்று என்று 1994இல் தாமஸ் சூடோஃபின் குழுவினர் கண்டார்கள். 2013இன் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. தசையை ஆளும் நரம்பு முனைகளில் இந்த உத்தியோகம் பெரும்பாலும் இதன் உடன்பிறப்பான இரண்டாம் எண் புரதத்துக்கு.

கட்டுவிரியன் விஷம் சினாப்டோடாக்மின் என்ற இந்தக் காவலனிடம் அனுமதி கேட்பதில்லை. அதிலுள்ள பீட்டா பங்காரோடாக்சின் என்ற நஞ்சு முனையின் சவ்விலுள்ள கொழுப்பை அரிக்கிறது. கால்சியம் வரம்பின்றி உள்ளே ஒழுக, பைகள் வேளைகெட்ட வேளையில் திறந்து, மீண்டும் பையாக மாறமுடியாமல் போக, களஞ்சியம் வெறுமையாகி முனையே சிதைகிறது. தசை பழுதின்றி இருந்தும் ஏவுவாரில்லாமல் கிடக்கிறது. சுவாசத் தசையும் அப்படியே. விஷமுறிவு ஊசி போட்டாயிற்று, இனி எழுந்துவிடுவார் என்பது ஆகையால் பாதி உண்மை: ஊசி சுற்றித் திரியும் நஞ்சைப் பிடிக்கும், ஆகவே அதைத் தாமதமின்றிப் போடவேண்டும், சிதைந்த முனையை அது கட்டித்தராது. முனை தானே வளர நாட்களோ வாரங்களோ ஆகும். அதுவரை மூச்சைச் சுமப்பது செயற்கைச் சுவாசக் கருவிதான்.

சிறியாநங்கை இலையைத் தின்னக் கொடுத்து, கசந்தால் விஷமில்லை, இனித்தால் விஷம் என்று பரீட்சை செய்வோரும் உளர். இந்த நஞ்சுக்கு நாவின் ருசியோடு சம்பந்தமில்லை. விழுங்கும் தசை தளர்ந்தவர் வாயில் இலையைத் திணித்தால் அது மூச்சுக்குழலில் போய் அடைக்கும்.

எல்லாவற்றிலும் கொடிய நம்பிக்கை கடைசியில் வருகிறது: அசைவில்லை, கண்மணி விளக்கொளிக்குச் சுருங்கவில்லை, ஆகவே ஜீவன் போய்விட்டது. கண்மணியைச் சுருக்குவதும் ஒரு தசையே, அதுவும் இதே விதத்தில் ஸ்தம்பித்திருக்கலாம் என்பதை மருத்துவர்களே சில சமயம் மறந்து, மூளைச்சாவு என்று மயங்கியிருக்கிறார்கள். மூளையின் நினைவோ தெளிந்தே இருக்கக்கூடும். கட்டிலின் தலைமாட்டில் நின்று, ஊருக்கு யார் சொல்வது, காரியத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தாழ்ந்த குரலில் உறவினர் பேசிக்கொள்வதை, இமை தூக்க முடியாத அவர் கேட்டுக்கொண்டு கிடக்கலாம்.