வீட்டில் படிக்கும் பிள்ளையின் கையில் சான்றிதழ் வேண்டும்

தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் என்று வீட்டிலிருந்தே வந்தது (2 தீமோ. 1:5). வீடு நல்ல பள்ளிக்கூடம்தான். ஆனால் நம் திருப்பத்தூர்ப் பிள்ளை நாளைக்கு ஐடிஐ, கல்லூரி என்று போய் நிற்கும்போது, "சான்றிதழ் எங்கே?" என்றுதான் கேட்பார்கள். ஆகையால் இவைகளைக் கவனியுங்கள்.

1. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. மீறினால் தண்டனை என்று அதில் இல்லை. ஆனாலும் அவசரப்பட்டுப் பள்ளியை நிறுத்தாதீர்கள்.

2. 12½ வயது நிறைந்தால் தனித்தேர்வராக அரசின் 8-ஆம் வகுப்புத் தேர்வு எழுதலாம்.

3. 14 வயது நிறைந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 10-ஆம் வகுப்புக்குப் பதியலாம். 5 பாடங்கள், முடிக்க 5 வருஷம் உண்டு.

4. தினமும் ஒரே நேரத்தில் உட்காரவையுங்கள். அரசுப் பாடப்புத்தகத்தையே வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் தேதி போட்டு எழுதட்டும். வாரம் ஒருமுறை கடிகாரம் பார்த்துப் பரீட்சை வையுங்கள்.

5. சாயங்காலம் மற்றப் பிள்ளைங்களோடு விளையாட விடுங்கள்.

எந்தத் தேர்வு, எந்த வருஷம் என்பதை இந்த வாரமே கணவனும் மனைவியும் உட்கார்ந்து முடிவுபண்ணுங்கள். கர்த்தர் உங்கள் பிரயாசத்தை வாய்க்கச்செய்வாராக.