அப்பாயி, அம்மா, மகள்: மூன்று தலைமுறையை நாடகமாக்குவோம்



நம்ம தோட்டங்களுக்குக் கூத்து புதிது இல்லை. மாசி மாதம் வந்தால் காமன் கூத்து நடக்கும். ஆனால் ரதி வேஷம் கட்டுவது வழக்கமாக ஒரு ஆம்பிளைதான். பெண்கள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பதோடு சரி. அவர்கள் தங்கள் கதையைத் தாங்களே மேடையில் சொன்னால் என்ன? இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

சென்னையில் மரப்பாச்சி என்று ஒரு சிறிய நாடகக் குழு. வ. கீதா எழுதிய ‘காலக்கனவு’ நாடகத்தை அ. மங்கையின் இயக்கத்தில் இக்குழு மேடையேற்றியது. அது ராஜா ராணிக் கதை அல்ல. நூறு வருடத்துக்கு மேலாகத் தமிழ்ப் பெண்கள் பேசியதையும் எழுதியதையும் தேடி எடுத்து, அதிலிருந்தே நாடகத்தைக் கட்டினார்கள். அதற்கு முன்பே, 1990களில், மங்கை மௌனக்குரல் குழுவோடு சேர்ந்து பெண்சிசுக் கொலையைப் பற்றிய ‘பச்ச மண்ணு’ நாடகத்தைக் கிராமங்களுக்குக் கொண்டு போனார். நாடகம் முடிந்ததும் பார்த்தவர்களோடு உட்கார்ந்து பேசுவார்கள். எனக்கு அதுதான் பெரிய விசயமாகப் படுகிறது.

அவர்களுக்குப் பழைய புத்தகமும் பத்திரிகையும் இருந்தன. நம்ம பாட்டிமார் எழுதி வைக்கவில்லை. எல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கிறது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று அதில் எழுதினார்கள். அக்கா கப்பல் ஏற, தங்கச்சி லயத்தில் நின்ற வீடுகள் எத்தனை! அந்தக் காட்சியைச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

நான் பிறந்த எத்தாளை புத்தளம் கரையில் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் வந்து முகாம்களில் இருந்தார்கள். அந்த வீடுகளில் மூத்தம்மா விட்டு வந்த ஊரைச் சொல்லுவா, மகள் முகாமைச் சொல்லுவா, பேத்திக்கு இதுதான் ஊர். மூன்று பேரும் ஒரே திண்ணையில் இருந்து பேசினாலே பாதி நாடகம் வந்துவிடும்.

சரி, எப்படித் தொடங்குவது? “ஒங்க சரித்திரத்தைச் சொல்லுங்க” என்று கேட்டால் அப்பாயி “எனக்கு என்னடி தெரியும்” என்று எழும்பிப் போய்விடுவார். சின்னதாகக் கேளுங்க. எத்தனை வயதில் பேர் பதிந்தாங்க? மொத சம்பளம் எவ்வளவு? அதை யாரு கையில வாங்கினது? இந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்க. பல தோட்டங்களில் மனைவியின் சம்பளத்தைப் புருசன்தான் வாங்கினார்.

சம்பளக் கதையிலேயே ஒரு காட்சி இருக்கிறது. 1927ஆம் ஆண்டுச் சம்பளச் சட்டத்தின் கீழ் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதிலும் குறைவு, சிறுவருக்கு இன்னும் குறைவு. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது 1984இல்தான். அப்பாயி, அம்மா, மகள் மூவரும் பெரட்டுக்களத்தில் அடுத்தடுத்து நின்று தங்கள் மொத சம்பளத்தைச் சொல்லட்டும். வேறு வசனம் வேண்டாம். அம்மா வெளிநாட்டு வேலைக்குப் போன வீட்டில் அப்பாயிதான் பிள்ளையை வளர்க்கிறார். அதையும் சேருங்க, ஆனால் அந்தப் பிள்ளையை மேடையில் அழவைக்க வேண்டாம்.

மைக், திரை ஒன்றும் தேவையில்லை. ஒரு கொழுந்துக் கூடை, ஒரு தப்பு போதும். கூடை அப்பாயி தலையிலிருந்து அம்மா தலைக்கு மாறினால் வருசம் போய்விட்டது என்று சனத்துக்கு விளங்கும். உண்மையான வீட்டுச் சண்டையைப் போடுவதாக இருந்தால் பேரை மாற்றி, அந்த வீட்டாரிடம் கேட்டுவிட்டுப் போடுங்க. ஒத்திகையைப் பின்னேரம் வைத்தால் பெண்கள் வரமாட்டார்கள், அடுப்பு இருக்கிறது. ஞாயிறு பகல்தான் சரி, அன்றைக்குச் சோற்றை ஆம்பிளைகள் ஆக்கட்டும்.

முதல் ஒத்திகையைக் கதை சொன்ன அப்பாயிக்கே காட்டுங்க. “அப்படி இல்ல புள்ள” என்று அவர் சொல்லுகிற இடத்தைத் திருத்தி, அடுத்த ஞாயிறு திரும்பப் பாருங்க.