கூந்தல் பேணும் வீட்டு மருந்துகள்

மகளிர் கூந்தலுக்கு மணம் இயற்கையிலேயே உண்டோ, அன்றிப் பூவும் சாந்தும் சேர்தலால் வருவதோ என்னும் வினா தமிழ் நூல் பயில்வார்க்குப் புதியதன்று. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டை ஒட்டி எழுந்த கதையில், கூந்தலுக்கு இயற்கை மணம் இல்லையென்று நக்கீரர் இறையனாரையே எதிர்த்து வாதித்தார் எனத் திருவிளையாடற் புராணம் கூறும். அக்கதை நிகழ்ந்ததோ அன்றோ என ஆராய்தல் ஈண்டு எம் கருத்தன்று. அவ்வினாவை அடியாகக் கொண்டு, நம் வீடுகளில் தலைக்கு இடும் எண்ணெய், சீயக்காய், அரப்பு, வெந்தயம் முதலியன மெய்யாகவே செய்வன யாவை, செய்யாதன யாவை என்று காணப் புகுகின்றோம். இது வீண் ஆராய்ச்சியும் அன்று. விடுதியில் வாழும் நம் தோழருள் முடி உதிர்கின்றதே என்று அஞ்சாதார் அரியர். அவ்வச்சத்தால் கைப்பொருளை எண்ணெய்க் குப்பிகளில் இழப்பாரும் உளர். உடம்பினுள் இருக்கும் நோயைத் தலையில் எண்ணெய் பூசித் தீர்க்க முயல்வாரும் உளர்.

மயிரின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். ஒவ்வொரு மயிரும் தோலினுள் ஒரு சிறு பையில் வேரூன்றி நிற்கின்றது. உயிருள்ள பகுதி அதுவே. அங்கே புதிய உயிரணுக்கள் இடையறாது தோன்றிப் பழையவற்றை மேலே தள்ள, அவை கெரட்டின் என்னும் புரதத்தால் நிறைந்து, இறுகி, உயிரிழந்து வெளிவருகின்றன. ஆகவே நாம் சீவிப் பின்னி முடிக்கும் கூந்தல் முழுவதும் உயிரற்ற பொருளே. கத்தரிக்குங்கால் நோவாமைக்குக் காரணமும் அதுவே. மயிர் திங்களுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்வது. எனவே இடுப்பளவு தாழ்ந்த கூந்தலின் நுனி, ஐந்தாறு ஆண்டுகட்கு முன் தோன்றியதாகும். அத்தனை ஆண்டு வெயிலையும் சீப்பையும் உப்புநீரையும் அது தாங்கியிருக்கின்றது. அதன் புறத்தே, கூரைக்கு ஓடு வேய்ந்தாற்போல நுண்ணிய செதில்கள் ஒன்றன்மேலொன்று படிந்துள்ளன. அவை படிந்து கிடப்பின் மயிர் பளபளக்கும். கிளர்ந்து எழுமாயின் ஒன்றோடொன்று சிக்கி முறியும். இவற்றை நோக்குங்கால், கூந்தலைப் பேணுதல் செடிக்கு உரமிடுதல் போன்றதன்று, பழம்பட்டினைக் கெடாது காத்தல் போன்றதென்பது விளங்கும். நக்கீரர் பக்கமே அறிவியலும் நிற்கின்றது எனலாம். தலைத்தோலின் வியர்வையும் நெய்ப்பசையும் தரும் வாடையை மட்டும் அவர் எண்ணிற்றிலர் போலும்!

சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில், மாதவி ஒப்பனை செய்துகொள்ளும் இடம் இவ்வகையில் ஊன்றிப் படித்தற்குரியது. பத்துவகைத் துவரும், ஐந்துவகை விரையும், முப்பத்திரண்டுவகை ஓமாலிகையும் ஊறிய நீரால் அவள் தன் கூந்தலை ஆட்டிப் பின்னர்ப் புகையில் உலர்த்தினாள் என்கின்றார் இளங்கோவடிகள். பத்துத் துவராவன, பூவந்தி, கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய், கருங்காலி, நாவல் என்பவற்றோடு ஆல், அரசு, அத்தி, இத்தி என்னும் நால்வகைப் பால்மரங்கள் என்பது உரைவழக்கு. இவற்றுள் பூவந்தி என்பது இன்று நாட்டுமருந்துக் கடைகளிற் பூந்திக்கொட்டை என விற்கப்படுவதே. அதனை நீரிலிட்டுக் கசக்கினால் சோப்பைப் போல நுரை எழும். ஏனைய ஒன்பதும் துவர்ப்புச் சுவை மிக்கவை. எனவே அந்நீராட்டில் அழுக்குப் போக்குவதும் மணமூட்டுவனவும் ஒருங்கே அமைந்திருந்தன. அவ்விடத்தில் முடி வளர்க்கும் பொருளென்று அடிகள் ஒன்றையும் கூறவில்லை என்பதும் குறிக்கத்தக்கது.

பூந்திக்கொட்டைக்கும், சீயக்காய்க்கும், உசிலை மரத்தின் இலையாகிய அரப்பிற்கும் பொதுவாக அமைந்த பொருள் சபோனின் எனப்படும். அதன் அணுத்திரளின் ஒரு தலை நீரை நாடும். மற்றொரு தலை எண்ணெயை நாடும். ஆதலின் அது தலையிலுள்ள எண்ணெயையும் அழுக்கையும் பற்றி நீரோடு இழுத்துச் செல்கின்றது. சோப்பும் செய்வது இத்தொழிலே. அற்றேல் சோப்பையே தேய்த்துக் குளித்தாலென்ன எனின், கூறுதும். சோப்பு காரத்தன்மை உடையது. காரம் பட்டவழி மயிர் உப்பிச் செதில்கள் கிளர்கின்றன. அன்றியும், ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு கூடி, நீரிற் கரையாத ஒரு பிசுக்காக மாறி மயிரிற் படிகின்றன. சோப்பிட்டுக் குளித்தபின் தலை திரிதிரியாக நிற்பது இதனாலேயே. சீயக்காய்க் கரைசலோ சிறிது புளிப்புத்தன்மை உடையது. உப்புநீரிலும் அத்தகைய பிசுக்கை உண்டாக்குவதில்லை. நம் முன்னோர் வேதிநூல் கல்லாமலே இதனைக் கண்டுகொண்டமை வியத்தற்குரியது.

எம் பாட்டியார் சீயக்காய்ப்பொடி செய்யும் முறை இது. சீயக்காய் 1 கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம். இவற்றோடு ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, செம்பருத்தி இலை என்பவற்றில் வகைக்கு ஒரு கைப்பிடி. யாவற்றையும் வெயிலில் நொறுங்குமளவு காயவைத்து ஆலையில் அரைத்து, சூடு ஆறியபின் டப்பாவில் அடைத்தல் வேண்டும். ஆறுமுன் அடைத்தால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். தேய்க்குங்கால் வெறுநீரில் கரையாது வடிகஞ்சியில் கரைப்பது அவர் வழக்கம். கஞ்சியின் மாச்சத்து மயிரின்மேல் மெல்லிய பூச்சாய்ப் படிந்து சீப்பு வழுக்கிச் செல்ல உதவும். ஊறவைத்து அரைத்த வெந்தயத்திலும், கசக்கிய செம்பருத்தி இலையிலும் உள்ள வழுவழுப்பான கூழ் செய்வதும் அத்தொழிலே. கடையில் கண்டிஷனர் என்னும் பெயரால் விற்பதற்கு ஈடாக எளிய வீட்டில் கிடைப்பவை இவை.

இனி எண்ணெயைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறல் வேண்டும். மயிர் நீரில் நனையுந்தோறும் உப்பி, உலருந்தோறும் சுருங்குகின்றது. இவ்வாறு பலகால் நிகழின் அதன் கட்டுத் தளரும். குளிக்கும் முன்னர் எண்ணெய் தேய்ப்பின் நீர் உட்புகுவது குறையும். தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மண்ணெண்ணெய் இனத்ததாகிய கனிம எண்ணெய் என்னும் மூன்றையும் ஒப்பிட்டு 2003-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, மயிரின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே என்று காட்டிற்று. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறியதும் நேரியதுமான அமைப்புடையதாதலின் மயிரினுள்ளும் நுழைய வல்லது என்பது அவர்தம் விளக்கம். தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சார்ந்தோர் செய்த ஆய்வாதலின் அதனை எச்சரிக்கையோடு கொள்ளுதல் அறிவுடைமையாம்; ஆயினும் அவர் கூறிய காரணம் பொருத்தமுடையதாகவே தோன்றுகின்றது. சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்து, அரைமணி நேரம் ஊறவிட்டு, அரப்பிட்டு முழுகும் பழைய வழக்கம், மறுநாள் ஆலயத்திற்குச் செல்லும் எம்போன்றார் வீடுகளிலும் உண்டு. அதனைக் கைவிட வேண்டுவதில்லை. பொடுகு உடையார் மட்டும் எண்ணெயை இரவெல்லாம் தலையில் வைத்திருத்தல் ஆகாது. பொடுகிற்குத் துணைக்காரணமாகிய நுண்காளான் கொழுப்பை உண்டே வாழ்வது.

முடி வளர்க்கும் என்று சொல்லப்படும் மருந்துகளே ஐயத்திற்குரியன. கரிசலாங்கண்ணிச் சாறு எலிகளிடத்து மயிர் வளர்ச்சியைத் தூண்டியதாக ஆய்வுகள் உள. மனிதர் தலையில் அவ்வாறே செய்யும் என்று அதனால் துணிதல் கூடாது. புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயத்தைத் தேய்க்கும் நாட்டு வழக்கிற்கு, பாக்தாத் நகரத்து மருத்துவர் 38 பேரைக்கொண்டு செய்து 2002-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு சார்பாக நிற்கின்றது. அது மிகச் சிறிய ஆய்வு. புழுவெட்டும் பலருக்குத் தானே ஆறுவது. மற்றொன்று கூறுதும். டெங்கு, டைபாய்டு முதலிய கடுங்காய்ச்சல் கண்டவர்க்கு, நோய் நீங்கி இரண்டு மூன்று திங்கள் கழித்து முடி கொத்துக்கொத்தாக உதிரும். பிள்ளை பெற்ற தாய்மார்க்கும் இது நேரும். உடம்பிற்கு நேர்ந்த அதிர்ச்சியால் பல மயிர்கள் ஒருங்கே வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுநிலை எய்துவதே காரணம். பெரும்பாலும் ஆறு திங்களளவில் முடி தானே மீண்டும் முளைக்கும். இடையில் எவர் விற்ற எண்ணெயைத் தேய்த்தோமோ அவர்க்கு அப்புகழ் போய்ச்சேர்கின்றது! எண்ணெய் வணிகத்தின் மறைபொருள் பெரும்பகுதியும் இதுவே என்பது எம் கருத்து. இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைதலாலும் தைராய்டு சுரப்பியின் கோளாற்றாலும் முடி உதிர்வதுண்டு. நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர் வரை உதிர்வது இயல்பு. அதனினும் மிக்கு, தலைவகிடு நாளுக்குநாள் அகலுமாயின், அல்லது களைப்பும் உடன் இருக்குமாயின், மருத்துவரிடம் சென்று இரத்தம் சோதித்துக்கொள்வதே செயற்பாலது. காலையுணவை விடுத்து வகுப்பிற்கு ஓடிவரும் விடுதி மாணவியர்க்கு எந்தத் தைலமும் உதவாது.

ஷாம்பு என்பதனை யாம் இகழ்கின்றேம் அல்லேம். அச்சொல்லே நம் நாட்டது. அழுத்திப் பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்திச் சொல்லினின்று பிறந்தது. பாட்னாவிற் பிறந்த சேக் தீன் முகம்மது என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராட்டகம் வைத்து, இச்சொல்லை அந்நாட்டார் நாவில் நிலைக்கச் செய்தார். காரமற்ற நல்ல ஷாம்பு சீயக்காயினும் தாழ்ந்ததன்று.

வீட்டு மருந்தென்றால் தீங்கற்றது என்று எண்ணுதலும் தவறு. பேன் ஒழிக்கச் சீத்தாப்பழ விதையை அரைத்துத் தலையிற் பூசுவோர் பலர். அதன் துகள் கண்ணிற் படின் கருவிழி புண்பட்டுக் கடுநோவு உண்டாகும். மண்ணெண்ணெய் தடவுதல் இன்னும் கொடிது. தோல் வெந்து போவதோடு, அடுப்பருகே சென்றால் உயிருக்கே கேடு. பேனுக்கு ஈரத்தலையில் நெருக்கமான பேன்சீப்பை வாரந்தோறும் பலமுறை இடுதலும், மருத்துவர் தரும் மருந்துமே தக்கவை. சீயக்காயும் கண்ணில் விழுந்தால் எரியும் என்பதை நம்முள் அறியாதார் இலர்; தலையைப் பின்புறம் சாய்த்து அலசுக. விடுதியில் உள்ளோர் பொடியை முந்தின இரவே நீரில் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, தெளிந்த சாற்றை மட்டும் கொண்டுசெல்க. சக்கை தலையில் ஒட்டாது. குளியலறை வடிகுழாயும் அடைபடாது.